தூங்கி எழுந்த கம்ப்யூட்டரின் நேரம்

டப்ளின், ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

தறிச் சத்தத்தில் வந்த காதுவலி குறைந்ததா? அத்தை மாத்திரை போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன். இருக்கும் கோபத்தில் போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஆபீஸில் ஒரு சின்னத் தொல்லை. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக இருப்பதுபோல் ஓடவைப்பதுதானே என் வேலை. அதில் ஒன்றை நிறுத்திவைத்து மறுபடி எழுப்பினால், தான் தூங்கியதே அதற்குத் தெரியாது. விட்ட நேரத்திலிருந்தே கடிகாரத்தை ஓட்டும். எழுந்ததும் முதலில் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள நான் எழுதிவைத்த கட்டளையை யாரோ நீக்கிவிட்டார்கள். பணம் கட்டியவர்களின் ரசீதில், கட்டுவதற்கு முந்தைய நேரம் விழுந்துவிட்டது. நீக்கியது யாரோ, திட்டு எனக்கு. உங்கள் பேத்தி மிதுனாவின் காதுகுத்துக்கு வர வாங்கியிருந்த லீவும் போயிற்று.

அந்தக் கடுப்போடு போனைத் திறந்தால் உங்கள் குரல்: “பாவாட பாதிக் காலுக்குத்தான் வருது அம்மணி. புள்ள வளந்துபோட்டா.”

உக்கடம் டெய்லரைத் திட்டாதீர்கள். காதுகுத்துக்குத் தைக்கச் சொல்லி அளவு சொன்னது நான்தான். விமானம் ஏறிய அன்று அவளைத் தூக்கினேனே, அந்த அளவைச் சொல்லியிருக்கிறேன்.

வேறு பாவாடை தைக்கக் கொடுங்கள். எனக்குக் கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்புங்கள். மறுபடி ஆபீஸிலிருந்து கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

மாதாமாதம் அவளைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் பார்த்துச் சொல்லுங்கள். வளரவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

பிரவீனா