போகும்போது இறக்கம்

மார்ச் 3

என் செல்ல மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் அம்மா, அதாவது என் அக்காவும் நானும் நல்ல சுகம். உள்ளே இருக்கிறவன் உதைக்கிறானா? உதைக்கட்டும், என் ரத்தம் அல்லவா!

கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து உன் அம்மாவுக்கு டாக்டர் ஒரே பாட்டு: "அஞ்சு மணி நேரத்துக்கு மேல சேர்ந்தாப்ல உட்காரக் கூடாது." பிரசவத்துக்கு வர முடியாதே என்று ஒரு வாரமாக அழுகை. நான் விடுவேனா? டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனேன். மானேஜரே எழுந்து நாற்காலி போட்டார். டயர் கடைக்காரன் என்றாலும் முகத்தில் ஒரு களை இருக்கிறதே!

டிக்கெட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. இங்கே காலை பத்துக்குப் பிளேன் ஏறினால் அங்கே மதியம் இரண்டுக்கு இறக்கம். நாலே மணி நேரம்! உன் பெரியம்மா வீட்டுக்குப் பஸ்ஸிலேயே ஆறு மணி நேரம் ஆகிறது.

திரும்பி வரத்தான் இருபது மணி நேரம். போகும்போது இறக்கம், வரும்போது மேடு. கடை வைக்குமுன் லாரி ஓட்டினவனுக்குத் தெரியாதா? அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்கு அக்காவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

உன் ஆசை மாமா

மார்ச் 12

அன்புள்ள மாமா,

மேடு, இறக்கத்தைப் படித்துவிட்டு உங்கள் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

உங்களுக்குக் காலை பத்து என்றால் எங்களுக்கு விடியாத இரண்டு மணி மாமா. எங்கள் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. வந்தாலும் போனாலும் பயணம் பன்னிரண்டு மணி நேரம். அம்மாவுக்குக் காலில் ரத்தம் கட்டிக்கொண்டால் என்ன செய்வேன்? பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் நர்ஸ் இருப்பாள். அம்மா எனக்கு ஒருத்திதான். வேண்டாம் மாமா. நானே வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிடுங்கள். திட்டினால் என்னைத் திட்டட்டும்.

உங்கள் மருமகள்

மார்ச் 20

அம்மாடி,

அந்த எட்டு மணி நேரத்தில் எனக்கு முதலிலேயே சந்தேகம்தான். உன்னைச் சோதித்தேன்.

அக்காவிடம் சொன்னேன். திட்டவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு, "வாடா டாக்டர்கிட்ட" என்றாள். அங்கே நான் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, "ஐயா, உட்காரத்தானே கூடாது? நடக்கலாமில்ல?" என்று கேட்டேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். காலுக்கு இறுக்கமான உறை, ஒரு மாத்திரை, மணிக்கொரு தரம் எழுந்து நடை. கட்டாயம் கூட ஒரு ஆள். இதெல்லாம் இருந்தால் போகலாமாம்.

ஆள் என்றதும் அக்கா என்னைப் பார்த்தாள். "மாடிப்படி ஏறவே கம்பியப் பிடிக்கிறவன், நீ எங்கடா பறக்கப்போற?" கம்பி ஆடுகிறதா என்று பார்க்கத்தான் பிடிப்பேன் என்று எத்தனை தடவை சொல்வது!

எனக்கும் டிக்கெட் போட்டாச்சு. மணிக்கொரு தரம் ஒரு சண்டை இழுத்தால் அக்கா தானாக எழுந்து நடப்பாள். நடக்கிறவளுக்கு நடைவழி ஓர சீட்டாம், ஜன்னல் எனக்காம். அதை மூடியே வைக்கலாமா என்று விசாரித்துக்கொண்டேன், வெயில் படுமே என்று.

நீ அலையாதே, ஏர்போர்ட்டுக்கு மாப்பிள்ளையை மட்டும் அனுப்பு. வெளியே வரும்போது நான் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வந்தால், அது அவள் காலுக்காகத்தான் என்று அவரிடம் இப்போதே சொல்லிவை.

உன் மாமா