போணி ஆகாத கடை

அன்புள்ள அபூ மிஷால்,

அம்மான் நகரில் பனி கொட்டி மூன்று நாள் சந்தை மூடிக் கிடந்ததே, உன் வீட்டில் இளையவள் பிறந்தாளே, அந்த வருடத்தோடு நம் பேச்சு நின்றது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ரீமா எழுதுகிறாள்.

கல்லூரியில் அவள் படிப்பது பெரிய பெரிய கடை நிறுவனங்களை நடத்தும் படிப்பு. விற்கிற சரக்கு கண்மட்டத்தில் இருக்க வேண்டுமாம். சமையலறை ஜாடிகளை அடுக்கி அடுக்கிப் பழகினாள். உப்பைத் தேடி நான் அலைந்தேன்.

நேற்று நேர்காணல். "கேட்ட பொருள் நம்மகிட்ட இல்லன்னா என்னம்மா செய்வே?" என்றார்களாம்.

"பக்கத்துக் கடைக்கு அனுப்பிடுவேன்."

"போட்டிக் கடைக்கா? நல்லா பொழைச்சோம் போ!" என்று சிரித்திருக்கிறார்கள்.

"எங்க தாத்தா, தனக்குப் போணி ஆயிட்டா, சரக்கு இருந்தாக்கூட அடுத்த ஆளைப் போணி ஆகாத கடைக்குத்தான் அனுப்புவாரு. அதனாலதான் ஜனம் அந்தத் தெருவையே தேடி வந்துச்சு" என்றாளாம். வேலை கிடைத்துவிட்டது. வீடெல்லாம் குனாஃபா இனிப்பின் வாசனை.

அந்தப் பனி விட்ட அன்று காலை எனக்குப் போணி ஆகிவிட்டது. உனக்கு ஆகவில்லை. மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த அம்மாளை உன்னிடம் அனுப்பாமல் நானே விற்றேன். நீ உன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

ரீமா பேனாவை நிறுத்தி, "நிஜமாவா தாத்தா?" என்கிறாள். "எழுதும்மா" என்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்காக விருந்து வைக்கிறோம், வா. அந்தத் தெருக்காரர்களில் என்னை மன்னிக்க இன்னும் உயிரோடு இருப்பது நீ ஒருவன்தான், அபூ மிஷால்.

இப்படிக்கு,
உன் பக்கத்துக் கடைக்காரன்