மடியில் பாலோடு நொண்டிய மான்

இன்று காலையில், ஆடுகளுக்கென்று உடைமரத்துக் காய்களைக் காயவைத்துக் கட்டிய உடைநெத்துச் சாக்கைப் பிரித்தேன். ஆடுகள் ஓடிவரும் அந்த வாசம் எழுந்ததும் நீ பக்கத்தில் நிற்பதுபோல் ஆகிவிட்டது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல நம் மருமகள் எழுதுகிறாள்.

தொண்ணூறுகளில் மழை ஏமாற்றிய ஒரு வருஷம். கங்கைகொண்டான் பக்கம், கானல் மிதக்கும் உடைமரக் காட்டில் நாம் இருவரும் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண் புள்ளிமான் பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வந்தது. சுற்றுவட்டாரத்தில் ஆட்டுக்குக் கால் ஒடிந்தால் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுகிறவன் நான். கை சும்மா இருக்குமா?

"பிடிச்சுக் கட்டிருவோம்" என்றேன்.

"ரத்தம் இல்ல, எலும்பு தொங்கல. மேயுது, காத ஆட்டுது. முள்ளு தச்சிருக்கும். பேசாம இரும்."

"ஏட்டி, கட்டுப் போடுதவன் நானா, நீயா?"

"நீருதான். மானு உம்மக் கூப்பிட்டுச்சா?"

ரோஷத்தில் பைய நெருங்கி, வேலி மூலையில் ஒதுக்கி, ஆட்டைப் பிடிப்பதுபோல் அணைத்துப் பிடித்துவிட்டேன். ஆடு என்றால் பிடித்ததும் அடங்கும். இது அடங்கவில்லை. கண் பிதுங்கி, வாய் திறந்து, அதன் நெஞ்சு என் நெஞ்சில் இடித்தது. நீ ஓடிவந்தாய்.

"மடியப் பாரும்! பால் கட்டியிருக்கு. குட்டிய எங்கனயோ படுக்க வச்சிருக்கு. பயத்துலயே இது செத்தா அதுவும் போச்சு. விடும்!"

விட்டேன். தள்ளாடி முள்ளுக்குள் மறைந்தது. ஆடுகளையும் நாயையும் தூரமாக ஓட்டிப்போய், பாறை மறைவில் உட்கார்ந்தோம். நீ அந்த முள்ளுக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். வெயில் மஞ்சளாகி, காடே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. பொழுது சாயும் வேளையில் அந்த மான் நொண்டியபடி வந்து நின்றது. வெயில் புள்ளி விழுந்த தரை என்று நான் நினைத்திருந்தது எழுந்து நின்று பால் குடித்தது. அப்போதுதான் நீ மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

இப்போதும் மான் நொண்டுகிறது என்று யாராவது வந்து கூப்பிடுகிறார்கள். நிற்கிறதா, மேய்கிறதா என்று எட்ட நின்று பார்க்கிறேன். எழ முடியாமல் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லச் சொல்கிறேன். நடந்தால், நாய்களை விரட்டிவிட்டு வந்துவிடுகிறேன். "கட்டாமலே வாராரு பாருலே" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அன்று வீடு திரும்பும் வழியில், நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதற்குப் பிறகு, நீ கண்மூடும்வரை எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், அப்போதும் சொல்லவில்லை. இறக்கிவைக்க இடமில்லாமல் நான் சுமப்பது அது ஒன்றுதான்.