கரிமூட்டத்தில் உட்கார்ந்து வாங்கின பேர்

நடுக்கரைப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யுவராணிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் வெள்ளாடுகளும் இங்கே சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க நம்ம காளியாத்தா துணையிருக்கட்டும். சுகம் என்று எழுதினேனே தவிர என் மனசு சுகமாக இல்லை. போனில் பேசினால் நடுவில் புகுந்து விளக்கம் சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரில் எழுதி, திருச்சுழி இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிற உன் மாமன் மகன் மாரிச்செல்வத்திடம் கொடுத்துப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, பரளச்சி வரைக்கும் சைக்கிளில் போய் வருகிறார். வேண்டும்போது பெய்யாத மழை மிளகாய்ப்பழத்தைக் காயப்போட்ட அன்றைக்குப் பார்த்துப் பெய்து பாதியை நாசமாக்கிவிட்டது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் உன் கட்டுரை வந்து சேர்ந்தது. ஆசியாவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களின் பத்திரிகையில் நம்ம ஊர்க் கரிமூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், அதற்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் பெரிய மாநாட்டில் அதைப் படிக்கப் போகிறாய் என்று நீ சொன்னபோது, ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அங்கன்வாடியில் என்னிடம் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். என்னவென்று கேட்காமலே தின்றார்கள், அது வேறு விஷயம். போன வாரம் மாரிச்செல்வம் வந்து உன் கட்டுரையைப் போனிலேயே தமிழாக்கிப் படித்துக் காட்டினான். எடுத்த எடுப்பில் முள்ளூர் என்கிற கிராமத்தில் என்று வந்தது. முள்ளூர் எது, எந்த பஸ்ஸில் போவது என்று கேட்டேன். நம்ம ஊர்தானாம், நீ பேரை மாற்றிவிட்டாயாம். சரி போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தால், துப்புக் கொடுத்தவர் நாலு சொல்கிறார், துப்புக் கொடுத்தவர் நாலு சிரிக்கிறார் என்று வந்துகொண்டே இருக்கிறது. அது யாருடா, போலீஸ் கேஸா என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அது நீங்கதான் அத்தை" என்றான்.

போன் தப்பாகத் தமிழாக்கியிருக்கிறது, தகவல் சொன்னவர் என்றுதான் அர்த்தம் என்று நீ அப்புறம் சொன்னாய். எந்த அர்த்தமாக இருந்தாலும் அதில் என் பேர் எங்கே? நீ ஊருக்கு வந்து என் பேச்சை ரெக்கார்டு போட்டவுடனே என்ன கேட்டாய், உங்க பேரைச் சொல்லுங்கம்மா என்று யாரோ மாதிரி கேட்டாய், நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு முத்துப்பேச்சி என்று சொன்னேனே, அதை மட்டும் எங்கே அறுத்துப் போட்டாய்? இப்போது டீக்கடையைத் தாண்டிப் போனால் போலீஸில் என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டுச் சிரிக்கிறான்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்த டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறதே ஒரு காகிதம், அதைத்தான் தாங்க முடியவில்லை. உன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பெரிதாகப் பிரிண்டு போட்டு ஒட்டியிருக்கிறது. ஒட்டினது காளிராஜ் முதலாளி. எங்களைக் கரிமூட்டத்தில் வேலை வாங்கினவர்தான். உன் பேராசிரியர் வந்தபோது அவருடைய வீட்டு மாடியில் தங்க இடம் கொடுத்தாராம், பழைய போட்டோவெல்லாம் கொடுத்தாராம், அதற்காக அவர் பேரை முழுசாகப் போட்டு நன்றி சொல்லியிருக்கிறாய். கல்யாணப் பத்திரிகையில் பொண்ணு பேரை விட்டுவிட்டுப் பந்தல்காரன் பேரைப் போட்ட மாதிரி இருக்கிறது, யுவராணி.

எங்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று பேரை மறைத்ததாகவும், உன் யுனிவர்சிட்டியில் ஒரு கமிட்டி அப்படி விதி வைத்திருப்பதாகவும் சொன்னாய். எந்த ஆபத்து? அது வந்து போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. நாங்கள் கரிமூட்டத்தில் வேலையை நிறுத்தி உட்கார்ந்த மறுநாளிலிருந்து உன் அப்பாவுக்கு இந்தப் பக்கம் எவரும் விறகு வெட்டும் வேலை கொடுக்கவில்லை, அருப்புக்கோட்டைக்குப் போய் லோடு இறக்கித்தான் உனக்குக் கஞ்சி ஊற்றினோம். அப்போது எந்தக் கமிட்டி வந்தது? நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எனக்குத் தெரியும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. விதிப்படி செய்த பிள்ளையை ஏன் வைகிறாய் என்று உன் அப்பா கேட்டார், அவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

நாங்கள் எதற்காக உட்கார்ந்தோம் என்பதாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கூலிக்கு இல்லை. கருவேலக் கட்டையை அடுக்கி, மண்ணைப் போட்டு மூடித் தீ வைத்து, வெந்த பிறகு மூட்டத்தைப் பிரித்துக் கரியை அள்ளுகிற வேலையில், முதலாளி எங்களில் ஒருத்தியைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏ கரி, ஏ குட்டைக் கரி, ஏ நொண்டிக் கரி, இதுதான். அன்றைக்கு மூட்டத்தைப் பிரித்தாகிவிட்டது, லாரி வந்து நிற்கிறது, பிரித்த மூட்டத்தில் காற்றுப் பட்டால் கரி திரும்பப் பற்றிக்கொள்ளும். அவர் வழக்கம்போல ஏ நொண்டிக் கரி என்று பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டார். அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்து நானும் உட்கார்ந்தேன், அமுதவள்ளியும் உட்கார்ந்தாள், எல்லாரும் உட்கார்ந்தோம். அவர் குதித்தார், கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது, ஓரத்தில் கரி கங்காகச் சிவந்து வந்தது. "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, எந்திரிச்சு வாரோம்" என்றாள் பாண்டீஸ்வரி. அவருக்கு எங்கள் பேரே தெரியாது. ஒவ்வொருத்தியிடமும் கேட்டுக் கேட்டுக் கூப்பிட்டார், பேர் வரவர இருக்கேன் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருத்தியாக எழுந்தோம். எனக்கு அன்றைக்கு அழுகை வந்துவிட்டது, கரிப்புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதையெல்லாம் நீ அழகாக எழுதியிருக்கிறாய், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேர் கேட்டு உட்கார்ந்தவர்கள் கதையை ஒரு பேர்கூட இல்லாமல் எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? தலைப்பைப் படிக்கச் சொன்னேன், பெயரற்றவர்கள் என்று வந்தது. நாங்கள் பேர் இல்லாதவர்களா? போன வருஷ மாநாட்டுப் போட்டோ நீ அனுப்பினாயே, அதில் ஆளாளுக்குக் கழுத்தில் பேர் எழுதின அட்டை தொங்குகிறது, உன் கழுத்திலும் தொங்குகிறது. நேற்று காளிராஜ் முதலாளி வழியில் நிறுத்தி, "முத்துப்பேச்சி, ஒன் மக நன்றி மறக்காத புள்ள" என்றார். நாங்கள் உட்கார்ந்த அன்றையிலிருந்து அவரே என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், யுவராணி. நீ நாலு என்கிறாய்.

அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ரோஷினி, பாண்டீஸ்வரி மகள், என்னைப் பஸ்ஸில் பார்த்து, எங்கம்மா பேர் அந்தப் புஸ்தகத்தில் எந்த இடத்தில் வருகிறது, காட்டுங்கள் என்று கேட்டாள். பாண்டீஸ்வரி இளைப்பு முற்றிச் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அவளுக்கு இனி என்ன ஆபத்து? நான் என் இடம் வருவதற்கு முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்து, அன்றைக்கு உட்கார்ந்த எல்லாரிடமும் கேட்டுவிட்டேன், பேரைப் போடச் சொல்கிறார்கள். அமுதவள்ளி மட்டும், மூட்டத்துக் கதைக்கு என் பேரைப் போடு, என் புருஷன் குடித்துவிட்டு அடித்த கதைக்குப் போடாதே என்றாள். அதில் நியாயம் இருக்கிறது. மறைக்கச் சொன்னதை மறை, சொல்லச் சொன்னதைச் சொல். இதை உன் கமிட்டிக்கு எடுத்துச் சொல்ல முடியாவிட்டால் அவ்வளவு படித்து என்ன பிரயோசனம்?

அச்சடித்ததை மாற்ற முடியாது என்பாய், இருக்கட்டும். மாநாட்டில் படிக்கப் போவது உன் வாய்தானே. அங்கே எழுந்து நின்று முதலில் எங்கள் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிடு. வெள்ளைக்காரர்களுக்கு வாயில் நுழைகிறதோ இல்லையோ, அது அவர்கள் பாடு. ஒவ்வொரு பேருக்கும் கொஞ்சம் நிறுத்து, நாங்கள் இங்கே இருக்கிறோம், அதை நினைத்துக்கொள். பாண்டீஸ்வரி பேர் வரும்போது மட்டும் நிறுத்திவிட்டு, அவளுக்காக நீ இருக்கேன் என்று சொல்.

குளிரில் காலுறை போடாமல் திரியாதே, ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ரசப்பொடி பார்சலில் வருகிறது. கோபத்தில் எழுதினதை மனசில் வைத்துக்கொண்டு அழாதே, அழுதாலும் பேரைக் கூப்பிட மறக்காதே. நோய்நொடி இல்லாமல், போகிற இடத்திலெல்லாம் தலை நிமிர்ந்து நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துப்பேச்சி,
நடுக்கரைப்பட்டி.