சீட்டில் உங்கள் கையெழுத்து

திருக்கோவிலூர்,
ஆனி 9.

மாமாவுக்கு உங்கள் மனைவி மணிமொழி வணக்கத்துடன் எழுதுவது.

உடம்புக்கு நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ராஜஸ்தானில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றீர்கள். சோலார் தகடு மாட்டும்போது தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். நாலு நாளாக நான் போன் எடுக்கவில்லை என்று பதறிப் போயிருப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் நீங்கள் சொல்வதையெல்லாம் நம்பிவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படியுங்கள்.

நீங்கள் வடக்கே போன பிறகுதான், தை மாதம், நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். பழைய பேட்டரி உடைக்கிற இடம் என்று மட்டும்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். போன் பேட்டரி, ஸ்கூட்டர் பேட்டரி, சோலார் பேட்டரி எல்லாம் லாரி லாரியாக வருகிறது. மிச்சமிருக்கும் சார்ஜை முதலில் இறக்கிவிட்டு, நசுக்கி, கரும்பொடியாக்குகிறார்கள். அந்தப் பொடியை ஆசிட்டில் கரைத்து ஒவ்வொரு உலோகமாகப் பிரிக்கிறார்கள். நிக்கல் தண்ணீர் கிளிப்பச்சையாக இருக்கும். கோபால்ட் தண்ணீர் ரோஸ்மில்க் மாதிரி. கடைசியில் லித்தியம் வெள்ளை மாவாக வந்து படியும். குப்பையிலிருந்து இவ்வளவு வருகிறதே என்று நான் சந்தோஷமாகத்தான் வேலை பார்த்தேன். என் வேலை முதல் மேசையில். வரும் சரக்கைப் பிரித்து, ஒட்டியிருக்கும் சீட்டோடு சரிபார்த்து உள்ளே அனுப்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சி பழைய இரும்புக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு லோடு வந்தது. அதில் ஒரு பெரிய சோலார் பேட்டரிப் பெட்டி. துடைத்தபோது வெள்ளைப் பெயின்டில் எழுத்து தெரிந்தது: கொட்டாம்பாறை துணை சுகாதார நிலையம். நம் ஊர்ப் பெயரை இங்கே பார்த்ததும் முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது மாமா. பிறகு சீட்டைப் பார்த்தேன். 'முற்றிலும் செயலிழந்தது, கழற்றப்பட்டது.' போன வருஷம் ஆடி மாதத் தேதி. கீழே உங்கள் கையெழுத்து.

அப்போது மலை ஊர்களில் சோலாரைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள்தானே, கெட்டுப்போனதைக் கழற்றியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் மீட்டரை வைத்தேன். முள் ஏறி நின்றது. மீட்டரில்தான் கோளாறு என்று வேறொன்றை எடுத்து வந்து வைத்தேன். எங்கள் சூப்பர்வைசர் மெர்லின் அக்கா அதைச் சோதனை மெஷினில் போட்டுவிட்டு, சாப்பாட்டு நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா மணி, இத யாரு செத்துப்போச்சுன்னு எழுதினது? இன்னும் பத்து வருஷம் ஓடும் இது" என்றார்.

அவர் மேலே பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் நான் செய்ததைச் சொல்கிறேன். பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சார்ஜ் இறக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி வரை தள்ளிப் போனேன். உள்ளே இறக்கிவிட்டால் முடிந்தது. ஊர்ப் பெயரும் தெரியாது, யார் கழற்றியதென்றும் தெரியாது. உங்களுக்காக அதைச் செய்ய நினைத்தேன். கை வரவில்லை.

போன ஐப்பசியில் மூன்று நாள் மழை. கரண்ட் இல்லை. அந்தச் சுகாதார நிலையத்தில்தான் கண்ணகி அண்ணிக்குப் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. மூச்சு சரியாக வரவில்லை. ஆக்சிஜன் மெஷின் பக்கத்திலேயே இருந்தது. அதை ஓட்டப் பேட்டரிதான் இல்லை. நர்ஸ் விஜயலட்சுமி அம்மா பேட்டரி இருந்த வெற்று இடத்தைப் பார்த்து அழுதது உங்களுக்கும் தெரியும், நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். பாதையில் மரம் விழுந்து கிடந்ததால், ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் வரைக்கும் குழந்தையைச் சட்டைக்குள் வைத்து நீங்கள்தான் மழையில் ஓடினீர்கள். போய்ச் சேரும்போது அதற்கு உயிர் இல்லை. திரும்பி வந்து என் அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நம்ம கையில இன்னா மச்சான் இருக்குது" என்றீர்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த ஒரு பேச்சுதான் என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஏன் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கம்பிக் கரண்ட்தான் வந்துவிட்டதே, சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். கெடுதல் நினைத்துச் செய்திருக்க மாட்டீர்கள். ஆடியில் எனக்கு ஆசையாக ஒரு போன் வாங்கித் தந்தீர்கள். அது எந்தப் பணத்தில் வந்தது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போது அதைக் கையில் எடுக்கவே கூசுகிறது. அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கு, நம் ஊருக்குப் போனேன். எப்படியாவது சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அண்ணி மறுபடி முழுகாமல் இருக்கிறார், நாலு மாதம். கார்த்திகையில் பிரசவம், அதுவும் மழைக்காலம்தான். என்னைக் கண்டதும் உங்களைத்தான் விசாரித்தார். உங்களுக்கென்று சாமை அரிசி குத்திப் பையில் கட்டி வைத்திருந்தார். "எம்பொண்ண நெஞ்சோட அணச்சிக்கினு ஓடுனாரே, அவரு நல்லா இருக்கணும்" என்றார். அந்தப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அதை இன்னும் அவிழ்க்கவில்லை.

திங்கட்கிழமை மெர்லின் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேனேஜரிடம் போய், சீட்டு தப்பு, இதை நசுக்கக் கூடாது, யாருடைய பொருளோ அவர்களிடமே போக வேண்டும் என்று பேசி முடித்தார். இன்றைக்குக் காலையில் கம்பெனி ஜீப்பில் நானும் கூடப் போய் இறக்கிவிட்டு வந்தேன். மாட்டியதும் விளக்கு எரிந்தது. ஆக்சிஜன் மெஷினையும் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். விஜயலட்சுமி அம்மா பின்னாலேயே வந்து, இது எங்கே இருந்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வந்து சொல்வார் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் கம்பெனிக்கு எங்கள் ஆபீசிலிருந்து கடிதம் போகப்போகிறது. பதினைந்து நாள் பொறுத்திருக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். அதற்குள் வந்துவிடுங்கள். ஆபீஸ் மூலமாகவோ, ஊர் வாய் வழியாகவோ என் அண்ணனுக்கு இது தெரியக் கூடாது. நீங்கள் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்கு வராமல் நேராக அவர் வீட்டுக்குப் போங்கள். நான் வாசலில் நிற்பேன். உள்ளேயும் கூட வருவேன். அண்ணன் அடித்தாலும் அடிப்பார், நான் தடுக்க மாட்டேன். அதற்குப் பிறகு நீங்களும் நானும் எப்படி என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை. நீங்கள் வராவிட்டால் நானே சொல்லிவிடுவேன். அப்படி ஒரு நாளை எனக்குக் கொடுத்துவிடாதீர்கள் மாமா.

நம் மலைச்சாமி கரியராமர் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மலைப்பாதை வளைவில் உங்களுக்குத் தலை சுற்றும். கள்ளக்குறிச்சியில் இறங்கி இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
மணிமொழி.