விளிம்பில் இருக்கும் பெயர்

என் ராசாவுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மற்றதைக் கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்துணியோடு நிற்காமல், சுகமாக இருக்க வேண்டும். போனை எடுத்திருந்தால் நான் இப்படி விரல் வலிக்க எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பதக்கம் வாங்க நீ வராததால் அப்பாதான் மேடை ஏறினார். உடைந்த கப்பலிலிருந்து ஒன்பது பேரை நீ படகில் ஏற்றிக் காப்பாற்றியதை வாசித்தார்கள், கூட்டம் கைதட்டியது. அடுத்தது நம் மாப்பிள்ளை பெயர். அதே படகில் உன்னோடு போய்த் திரும்பாதவர் என்று வாசித்ததும், தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா போய் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், அழவில்லை. இருவருக்கும் ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரிப் பதக்கம். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா என்னிடம், நீ சும்மா இரு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஒன்றை மாப்பிள்ளை படத்துக்குக் கீழே மாட்டினார், மற்றதைப் பெட்டியோடு துணியில் தைத்து உன் துறைமுக விடுதிக்கு அனுப்பினார். அவர் கண்ணைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, காபியில் உப்பைப் போட்டுவிட்டு என்னைத் திட்டுகிறவர்.

நேற்று அக்கா படத்தைத் துடைக்கும்போது பதக்கத்தைக் கழற்றி விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்துக்கடையில் பொடி எழுத்துத் தேதி பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. அதில் உன் பெயர் இருந்தது. உயிரோடிருக்கும் பிள்ளையின் பெயரைச் செத்தவர் படத்தடியில் இத்தனை நாள் மாட்டி வைத்திருந்தோமே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழவில்லை. அவள் மட்டும் அதைப் பழையபடி ஆணியில் மாட்டினாள்.

மாப்பிள்ளையைக் கப்பலில் சேர்த்துவிட்டது நீ, அன்று படகுக்குக் கூப்பிட்டதும் நீ. அதனால்தான் அவள் முகத்தில் விழிக்க முடியாமல் ஊருக்கு வராமலே கப்பல் மாறிக் கப்பல் மாறி ஓடுகிறாய். பெற்றவளுக்குத் தெரியாதா? அவளுக்கு உன்மேல் கோபமில்லை என்று நான் பொய் எழுத மாட்டேன். இருக்கிறது. உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். மாப்பிள்ளை பதக்கம் மாறிப்போன அந்தப் பெட்டியைத் தபாலில் திருப்பி அனுப்பச் சொல்லித் தம்பிக்கு எழுதட்டுமா என்று நேற்று பயந்து பயந்துதான் கேட்டேன். தபால்ல எல்லாம் வேணாம்மா, அவரைக் கூட்டிட்டுப் போனவன் அவன்தானே, அவனே கூட்டிட்டு வரட்டும் என்றாள்.

நீ அந்தத் தையலைப் பிரித்திருக்கவே மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். இப்போது பிரித்துப் பார். அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போடாதே, வா. அவள் திட்டினால் வாங்கிக்கொள், அழுதால் பக்கத்தில் நில். என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

வரும்போது அதைப் பெட்டி படுக்கையோடு போட்டுவிடாதே. கையிலேயே வைத்துக்கொண்டு வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா