திரையில் இல்லாத பொத்தான்

இன்று காலை உன் மனைவி வந்து டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய துண்டில் சுற்றியிருந்தார். "வூட்டுல வெச்சிகினு பாக்க முடியலண்ணா" என்றார். அதன் உறையில் இன்னும் உன் தைல வாசனை. நீ போய் இருபது நாள்தான் ஆகிறது.

ஆட்கள் திணறாமல் கம்ப்யூட்டரைக் கையாளத் திரைகள் வடிவமைப்பது, அப்படிப்பட்ட திரைகளை மற்றவர்களும் எளிதாகச் செய்யக் கருவிகள் எழுதுவது. முப்பத்தைந்து வருடம் இதுதான் என் ஆராய்ச்சி, என் பிழைப்பு. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் பள்ளிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த நீ, மைன்ஸில் பெர்மனென்ட் ஆனாய். நிலக்கரி ஓடும் பெல்ட்டைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்குவது உன் வேலை. நான் செய்த முதல் திரையைக் கம்ப்யூட்டரோடு லீவில் கொண்டுவந்து, உன் குவார்ட்டர்ஸில் உன்னிடம்தான் காட்டினேன். ஷிப்ட் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தாய். நீ தடுமாறும்போதெல்லாம் அதை அழுத்து, இதை அழுத்து என்றேன்.

"நீ பக்கத்துல குந்திகினு சொல்லிகினே இருந்தா இந்தப் பொட்டி எதுக்குடா? அந்தாண்ட போய்ப் பேசாம நில்லு."

நின்றேன். நீ எங்கெல்லாம் தவறினாய் என்று குறித்துக்கொண்டேன். என் முதல் ஆய்வுக் கட்டுரை அந்தக் குறிப்புகள்தான். அதன்பின் எந்த ஊரில் வேலை பார்த்தாலும், லீவுக்கு வரும்போது பையில் உனக்கென்று ஒரு திரை இருக்கும்.

என் மனைவி இறந்து, நானும் ஓய்வு பெற்றபோது, வடக்குத்து கிராமத்தில் நீ வீடு கட்டிய தெருவுக்கே குடிவந்தேன். மூன்றாவது மாதம் உனக்குப் பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின.

மூன்று வாரம் உட்கார்ந்து டேப்லெட்டில் பெரிய பொத்தான்கள் செய்தேன். தண்ணீர், வலி, ஃபேன், பாத்ரூம். தொட்டால் குரல் சொல்லும். இடது விரலால் நீ தண்ணீரைத் தொட்டாய். டம்ளர் வந்தது, தள்ளிவிட்டாய். மறுபடி தொட்டாய், மறுபடி தள்ளினாய். விரல் நடுங்கி இடம் மாறுகிறது என்று நினைத்துப் பொத்தான்களை இன்னும் பெரிதாக்கினேன். நான்காம் நாள் டேப்லெட்டையே கட்டிலிலிருந்து தள்ளிவிட்டு அழுதாய்.

உன் மனைவிதான் சொன்னார்: "அவருக்கு வேணுங்கிறது இதுல இல்லீங்கண்ணா."

டாக்டரைக் கேட்டிருந்தேன், உன் மனைவியைக் கேட்டிருந்தேன். உன்னை மட்டும் கேட்கவில்லை. இத்தனை வருடம் இதையே வேலையாகச் செய்தவன்! கூசிப்போய்க் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். டிவியா? உன் தம்பியைக் கூப்பிடணுமா? இல்லை, இல்லை என்று தலையாட்டினாய். கடைசியில் கடிகாரத்தைக் காட்டினாய். பிறகு வாசலை. மணி ஒன்றரை ஆகப்போகிறது.

சக்கர நாற்காலியை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினேன். மைன்ஸுக்கு ஆள் ஏற்றிப்போகும் இரண்டாம் ஷிப்ட் பஸ் வந்தது. ஜன்னல்களிலிருந்து "அண்ணே! நல்லா இருக்கீங்களா அண்ணே!" என்று உன்னோடு வேலை பார்த்தவர்களின் குரல்கள். நீ இடது கையைத் தூக்கினாய். படுக்கையில் விழுந்த பிறகு அன்றுதான் சிரித்தாய்.

மாலையே ‘பஸ்’ என்று ஒரு பொத்தான் சேர்த்தேன். ஐந்து மாதம் நீ அதிகம் தொட்டது அதைத்தான்.

இப்போது வீட்டில் பேச ஆளில்லை. ஒன்றரைக்குக் கால்கள் தானாக ரோட்டுக்குப் போகின்றன. பஸ்ஸில் இருப்பவர்கள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நேற்று மட்டும் ஒருவர், இத்தனை நாள் லீவில் இருந்திருப்பார் போல, எட்டிப் பார்த்து, "அண்ணன் எங்க சார், வரல?" என்று கேட்டார். வாய் திறப்பதற்குள் பஸ் போய்விட்டது.

இன்றும் வருவார். நீ இல்லை என்பதை முதல்முறையாக என் வாயால் சொல்ல வேண்டும்.